நீர்நிலைச் சொற்களும் குடிகள் முறையீடும்

பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பதினெட்டாம் பாட்டினை முதுமொழிக் காஞ்சித் துறைக்கு எடுத்துக்காட்டாகவே நம்முள் பெரும்பாலோர் பயின்று வந்துள்ளோம். துறை வகுத்தோர் கருத்தை மறுப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அப் பாட்டினை வேறொரு நிலையில் நின்று நோக்கவும் இடமுண்டு. அஃது ஒரு முறையீடு. நாட்டு நீரைப் பற்றிக் குடியொருவர் அரசன்பால் வைத்த முறையீடு. பழஞ்செய்க் கடன் வீடுகொள்ளும் பொருட்டு வெள்ளைக்குடி நாகனார் பாடிய முப்பத்தைந்தாம் பாட்டும் இவ்வினத்ததே எனினும், அது வரியைப் பற்றியது. இது நீரைப் பற்றியது.

புலவர் தம் வேண்டுகோளை அடுக்கும் முறை கருதத்தக்கது. மறுமைச் செல்வம், பிற வேந்தரை வென்று தனியாட்சி செலுத்துதல், நிலைத்த புகழ் ஆகிய மூன்றனுள் அரசன் எதனை விரும்பினும் அதற்கு வழி இதுவே என, அவனுடைய விருப்பங்களிலிருந்தே அவர் தொடங்குகின்றார். உடம்பு உணவால் நிற்பது; உணவு நிலமும் நீரும் கூடியவழி விளைவது; ஆதலின் அவ்விரண்டனையும் கூட்டி வைப்பவன் உயிரையும் உடம்பையும் ஆக்கியவன் ஆவான் என்பது அவர் காட்டும் காரணத் தொடர். மழையொன்றனையே நம்பிய நிலம் எத்துணை அகன்று கிடப்பினும் ஆள்பவனுக்கு உதவாது என எதிர்மறையாலும் அதனை வலியுறுத்துவார். இவ்வளவும் கூறிய பின்னரே வேண்டுகோள் வருகின்றது. அது 'நீர்நிலை அமைப்பாயாக' என்னும் பொதுமொழி அன்று. நிலம் எங்கே குழிந்து கிடக்கின்றதோ அங்கே நீரைத் தடுத்து நிறுத்துக என இடஞ் சுட்டி உரைக்கின்றார். பாட்டின் வன்மை அறவுரையில் இருப்பதாகவே நாம் கற்பித்து வருகின்றோம். முறையீடு என்ற வகையில் அதன் வன்மை இடஞ் சுட்டியதில் இருக்கின்றது.

இற்றைநாளில் அரசின் நீர்க் கொள்கை பற்றியும் மழைநீர் மேலாண்மை பற்றியும் குடிமக்கள் எழுப்பும் முறையீடுகள் பல. அவை வெல்வதும் தோற்பதும் சட்டத்தையும் ஆட்சியாளர் மனத்தையும் மட்டும் பொறுத்தவை என எண்ணுதல் இயல்பே. அவற்றோடு மூன்றாவதாகச் சொல்லும் ஒரு காரணமாகின்றது என்பதும், அச் சொற்களைப் பற்றிய அறிவு தமிழ்த் துறைகளில் இருந்தும் முறையிடுவோரிடம் சென்று சேராது நிற்கின்றது என்பதும் நாம் ஈண்டு காட்ட விழைவன.

நீர்நிலையின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களை முதற்கண் காண்போம். ஏரி என்பது நீர் நிற்கும் பரப்பு மாத்திரம் அன்று. மேட்டு நிலத்தில் பெய்த மழையை ஏரிக்குக் கொணர்வது வரத்துக்கால். கரைக்கு உட்பட்ட நீர்ப்பரப்பு உள்வாய். ஏரி நிறைந்தபோது நீர் ஏறியும் வற்றியபோது தரையாகவும் தோன்றும் ஓரப் பகுதியும் இதனுள் அடங்கும். நீரைத் தாங்குவது கரை. வயலுக்கு நீர் விடுவன தூம்பும் மதகும் மடையும். நீருக்குள் இருக்கும் தூம்பின் வாயைத் திறந்து மூடுதற்கு அமைந்தது குமிழி. கொள்ளளவுக்கு மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வழிந்து செல்லக் கல்லால் அமைத்தது கலிங்கு. தென்பாண்டி நாட்டார் 'மறுகால் பாய்கின்றது' என்பர். அவ்வாறு வழிந்த நீர் வீணே ஓடுவதில்லை. அடுத்த ஊரின் ஏரிக்கு அதுவே வரத்தாகின்றது. ஒன்றன் போக்குக்கால் மற்றொன்றன் வரத்துக்கால் ஆகும் இத்தொடர்பினாலேயே தொண்டை நாட்டு ஏரிகளும் பாண்டி நாட்டுக் கண்மாய்களும் தனித்தனி நீர்நிலைகளாய் நில்லாமல் ஒரு கோவையாய் நின்றன. ஏந்தல், தாங்கல், ஊருணி, குட்டை, கேணி என்பன வெறும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. அளவாலும் பயனாலும் வேறுபட்டவை. சென்னையில் பழவந்தாங்கல் என்னும் புகைவண்டி நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோருள் அப் பெயரின் பிற்பகுதி ஒரு நீர்நிலையைக் குறிப்பது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சிறுபஞ்சமூலத்தில் காரியாசான் குளம் முதலாகக் கிணறு ஈறாக ஐந்து அறச்செயல்களைத் தொகுத்துரைக்கும் பாட்டிற்கு இக்காலத்து நீரியலார் சிலர் புதுப்பொருள் காண்கின்றனர். ஆண்டுள்ள 'கோடு' என்பதற்குக் கரை எனவும், 'வழி' என்பதற்கு நீர்வரும் கால் எனவும் அவர்கள் கொள்வர். குளத்தைச் சூழ மரக்கிளை நடுதல், மக்கள் நடந்து செல்ல வழி திருத்துதல் என்பதே பண்டுதொட்டு வரும் உரை. கோடு என்னும் சொல்லுக்குக் கரைப்பொருள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் 'பதித்தல்' என்னும் வினை கிளைக்குப் பொருந்துவதுபோலக் கரைக்குப் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. நல்ல நோக்கத்திற்காகவேனும் பாட்டை வளைத்தல் வேண்டா. கல்வெட்டுகளே போதிய சான்றுகளைத் தரும்போது அதற்குத் தேவையும் இல்லை.

செப்பேடுகளில் ஊர்கொடை கூறும் பகுதிகளைப் பயின்றோர், கொடுக்கப்பட்ட நிலத்தை உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் என விரித்துரைக்கும் வழக்கினை அறிவர். உடும்பு மேட்டு நிலத்தது; ஆமை நீர் தேங்கும் தாழ்நிலத்தது. இரண்டனையும் கூறியதனால் ஊரின் வறண்ட பகுதியோடு ஈரம் நிற்கும் பகுதியும் கணக்கில் வந்துவிட்டது. பிற்கால வருவாய்க் கணக்கில் இவ் ஆமை தவழ்ந்த நிலத்திற்கு நேர்ந்த கதியைப் பின்னர்க் காண்போம்.

உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் பெரிதும் போற்றுகின்றோம். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். உறுப்பினர் அறுவர், பதவிக் காலம் முந்நூற்றறுபது நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது சென்றவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என்று அக் கல்வெட்டு விதிக்கின்றது. நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே இடமளித்த அச் சபையை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட்டு மகிழ்தல் மிகை. ஆயினும், நீரைக் காப்பவர் நீர்க்கணக்கை ஊரார்க்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் கருத்து அன்றே எழுத்தில் இருந்தது. ஏரியின் வண்டலை வாரிக் கரையில் இடுதற்குப் பொன்னும் நிலமும் வைத்த கல்வெட்டுகள் பல. அவ்வாறு விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஏரியின் தூர்வாரும் செலவுக் கணக்கைக் கேட்டு எழுதும் குடிமகனுக்குத் தன் கேள்வி புதிதன்று என்பது தெரிந்திருப்பது நன்று.

ஆங்கிலேயர் காலத்து நிலவரித் திட்டம் நிலங்களை வரி தருவன, தாராதன எனப் பகுத்தது. வரிக் கணக்கிற்குப் புறத்தே போக்கப்பட்ட நிலம் புறம்போக்கு. இச் சொல்லில் இழிவு யாதும் இல்லை. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என அடைபெற்று வரும்போது ஊரார் அனைவர்க்கும் உரிய நிலம் என்பதே பொருள். நாளடைவில் வரி தாராதது பயனற்றது என்னும் எண்ணம் சொல்லின்மேல் ஏறியது. பின்னர் அச் சொல் மனிதரை வையும் வசைமொழியாகவும் ஆயிற்று. சொற்பொருள் இழிந்தபோது நிலமும் இழிந்தது. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க வேண்டி டி. எம். கிருஷ்ணா பாடிய, கபேர் வாசுகி இயற்றிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இவ் வசைச்சொல்லையே எடுத்து அதன் பழம் பொருளுக்கு மீட்க முயன்றது. இசையைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் நம் வேலையன்று. சொல்லாராய்ச்சியைப் பொதுமக்கள் முன் வைத்த செயல் என்ற அளவில் அதனை நாம் மதிக்கின்றோம். அதனைத் தமிழ்த் துறை எதுவும் செய்யவில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

புறம்போக்கிற்கு முன்வரும் அடைமொழி எத்துணை வலிமையுடையது என்பதற்கு ஒரு சான்று. சென்னை உயர்நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓர் ஓடைப் புறம்போக்கு வழக்கில் தீர்ப்புரைத்தது. ஓடை நிலத்தில் குடியேறியோர் பட்டாக் கோரினர்; ஊரார் ஒருவர் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். பதிவேட்டில் அந்நிலம் ஓடை எனப் பதிந்திருந்தமையே வழக்கின் அடிப்படை. ஆக்கிரமிப்பை அகற்றப் பணித்ததோடு அமையாது, மாநிலமெங்கும் இத்தகைய இயற்கை நீர்நிலைகளைக் கண்டறிந்து மீட்குமாறும் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. உச்சநீதிமன்றமும் 2001இலும் 2011இலும் ஊர்ப் பொதுநிலங்களையும் குளங்களையும் காக்கும் தீர்ப்புகளை வழங்கியுள்ளது. இவை வந்தபின் முறையிடுவோர் கை வலுப்பெற்றது. ஆயினும் பதிவேட்டில் 'ஓடை' என்னும் இரண்டெழுத்து இல்லாவிடின் அவ்வலி பெரிதும் குறைந்துவிடும்.

இவ்விடத்து 'ஆக்கிரமிப்பு' என்னும் சொல்லையும் ஆராய்தல் வேண்டும். ஆற்றங்கரையில் குடிசையிட்டவனுடைய செயல் ஆக்கிரமிப்பு. அரசே ஏரியை வகைமாற்றம் செய்து கட்டடம் எழுப்பின் அச் சொல் வழங்குவதில்லை. சென்னையில் தியாகராய நகர் 1920களில் நெடிய ஏரி ஒன்றனைத் தூர்த்தே உருவாக்கப்பட்டது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியின் தரையில். மதுரையில் 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை நிற்கும் இடம் உலகனேரி. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அவையோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்கள். வெள்ளத்திற்குத் தப்புவித்து வெள்ளத்திலேயே வைத்த இச் செயலை எச் சொல்லால் குறிப்பது? முறையிடுவோர் 'ஆக்கிரமிப்பை அகற்றுக' என்று மட்டும் எழுதும்போது அச் சொல் பெரும்பாலும் குடிசையின் மீதே சென்று விழும். வகைமாற்றத்தையும் கணக்கில் கொள்க எனத் தனியே எழுதுதல் இன்றியமையாதது.

பள்ளிக்கரணைக்கு ஊரார் வழங்கிய பெயர் கழுவெளி. சுற்றியுள்ள ஏரிகளின் மிகைநீர் அங்கே பரந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலிற் கலக்கும். கணக்கில் அது வரி தாராத நிலம். ஆதலின் நகரின் குப்பை கொட்டுதற்கும், சாலையிடுதற்கும், அலுவலகங்கள் எழுப்புதற்கும் ஏற்ற வெற்றிடமாகத் தோன்றிற்று. ஆமை தவழ்ந்த நிலத்திற்கு நேர்ந்த கதி இது. அப்பகுதி மக்களும் இயற்கை ஆர்வலரும் இடைவிடாது முறையிட்டதன் பயனாக, எஞ்சிய பரப்பில் ஒரு பகுதி 2007இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது; 2022இல் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை இடம் பெற்றது. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பல நாள் நீரில் நின்றன. சதுப்பைக் காத்தனர்; அதற்கு நீர் வரும் வழிகளும் அது நீரைப் போக்கும் மடுவும் அவ்வாறு காக்கப்படவில்லை.

இனி மழைநீர் வடிகால் என்னும் தொடருக்கு வருவோம். காவிரிக் கழிமுகத்தில் வாய்க்கால், வடிவாய்க்கால் என இரண்டு உண்டு. மேல் வயலின் மிகைநீரை வாங்கும் வடிவாய்க்கால் கீழ் வயலுக்கு நீர் தருவதும் உண்டு. அங்கே வடித்தல் என்பது ஓரிடத்திலிருந்து நீக்கி மற்றோரிடத்திற்கு உதவுதல். நகரக் கொள்கையில் அச் சொல் சுருங்கிவிட்டது. தெருவில் விழுந்த நீரை விரைந்து ஆற்றிலோ கடலிலோ சேர்ப்பதே வடிகால் என்றாயிற்று. கோடையில் நீரின்றி வாடுவதும் கார்த்திகையில் நீரால் வாடுவதும் ஒரே நகரம் என்பது கொள்கை வகுப்போர்க்குத் தெரியாததன்று. மழைநீரைச் சேகரிக்கும் அமைப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் வேண்டும் என 2003இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதற்கு முன்பே சென்னையில் குடிமக்கள் சிலர் வீடுவீடாகச் சென்று அதனைப் பரப்பி வந்தனர்; முறையீடு சட்டமான அரிய நிகழ்ச்சிகளுள் இதுவொன்று. ஆயின் வீட்டினுள் மண்ணுக்குள் இறக்கப்படும் நீர் வாயிலைக் கடந்தவுடன் கடலுக்குச் செல்ல வேண்டியதாகின்றது. இரு கொள்கைகளையும் எழுதியது ஓர் அரசே.

2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியில் எழுந்த எதிர்ப்பு இம் முரண்பாட்டை வெளிப்படுத்திற்று. கோவளம் வடிநிலத் திட்டத்தின்கீழ் அங்கு மழைநீர் வடிகால்கள் அமைக்கச் சென்னை மாநகராட்சி முற்பட்டது. குடியிருப்போர் அதனை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றனர். தம் நிலம் மணல். பெய்த மழையை அது தானே உண்ணும். அந் நன்னீர் அடியில் நிற்பதனாலேயே கடல் உவர்நீர் உள்ளே புகாமல் இருக்கின்றது. கற்காரை வடிகால் அதனைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்பது அவர்கள் வாதம். பொறியியலார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை: வீடுகளும் சாலைகளும் மணலை மூடிய பின்னர் மண் முழுதும் குடிக்கும் என எதிர்பார்த்தல் இயலாது. நாம் கவனிப்பது வழக்கின் வடிவத்தை. குடபுலவியனார்போல் இவர்களும் இடஞ் சுட்டினர். 'எங்கள் ஊருக்கு வடிகால் வேண்டா' என்று கூறாது, 'எங்கள் மண் இத்தன்மைத்து' என்று கூறினர்.

2015 டிசம்பர் வெள்ளம் பற்றிய முறையீடுகள் பல இவ் வகையில் குறைபட்டன. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கத்திலிருந்து நீர் திறக்கப்பட்ட நேரத்தைப் பற்றியே வழக்காடல் மிகுந்தது. 2018இல் சட்டப் பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காயர் அறிக்கையும் அத் திறப்பைக் கடிந்துரைத்தது. அது வேண்டியதே. ஆனால் அன்று அடையாற்றில் வந்தது ஓர் ஏரியின் நீர் மாத்திரம் அன்று. ஆதனூர் முதலாக மேற்கே கிடக்கும் சிற்றேரிகள் பலவற்றின் கலிங்குநீரும் உடன் வந்தது. அச் சிற்றேரிகளின் கால்கள் எங்கே அடைபட்டன, எங்கே குறுகின என்னும் வினா பெரிதாக எழவில்லை. பெரிய ஏரிக்கு ஒரு பெயர் உண்டு. வரத்துக்காலுக்குப் பெயரில்லை, பெயரில்லாததைப் பற்றி முறையிடுதல் அரிது.

நிருவாகப் பகுப்பும் இதற்குத் துணையாகின்றது. தமிழ்நாட்டு ஏரிகள் ஏறத்தாழ 39,000. நாற்பது எக்டருக்கு மேற்பட்ட பாசனமுடையவை பொதுப்பணித் துறையிடம் இருந்தன. 2021இல் நீர்வளத் துறை தனித் துறையான பின் அதனிடம் உள்ளன. அதனினும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களைச் சார்ந்தவை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்கென இயற்றப்பட்டது. ஆக, ஒரே நீர்க்கோவையில் மேல் ஏரிக்கு ஒரு சட்டமும் கீழ் ஏரிக்கு வேறொரு முறையும். குடிமராமத்து என்னும் பழைய பெயரை 2017இல் அரசு மீண்டும் வழங்கத் தொடங்கியபோது பலர் மகிழ்ந்தனர். குடி தமிழ், மராமத்து அரபு. கலப்புச் சொல்லாயினும் நல்ல சொல். ஆயின் 1858ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாய உழைப்பாக்கிய செய்தியையும் மறத்தல் ஆகாது.

மொழித் தடையும் ஒன்றுண்டு. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவறிக்கையைப் பற்றி மக்கள் கருத்துரைக்குமாறு நடுவணரசு கேட்டபோது, வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருந்தது. எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30இல் ஆணையிட வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பு வந்தாலும் போதாது. ஆங்கில மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'உபரிநீர் வெளியேற்றக் கட்டமைப்பு' என எழுதினால் கலிங்கைக் கண்டறிந்த உழவனும் அதனை அறியான்.

செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சொல் தொகுக்கச் சென்றிருந்தபோது நாம் கண்டதைக் கூறி இதனை முடிக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் ஏரிக்கு ஏழாண்டுகளாக நீர் வரவில்லை என்றார். மேற்கேயுள்ள வரத்துக்காலை மனைப்பிரிவு ஒன்று மூடிவிட்டது. முறையிட்டீர்களா என வினவினோம். இருமுறை என்று கூறி, வந்த மறுமொழியைக் காட்டினார். 'மேற்படி ஏரியில் ஆக்கிரமிப்பு ஏதுமில்லை' என்றிருந்தது. அவர் வாய்மொழியாகக் கூறிய 'வரத்துக்கால்', 'உள்வாய்' என்னும் சொற்களைத் தட்டச்சு செய்தவர் 'ஏரிப் பகுதி' எனத் திருத்தியிருந்தார். மறுமொழி பொய்யன்று, ஏரியின் புல எண்ணில் ஆக்கிரமிப்பு இல்லை. கால் வேறு புல எண்ணில் வாய்க்கால் புறம்போக்காகப் பதிந்திருந்தது. அ-பதிவேட்டின் படியும் புலப்படமும் பெற்று, எண்ணையும் அகலத்தையும் குறித்து, அவர் சொற்களை அவர் சொன்னவாறே வைத்து மூன்றாம் மனுவை எம் மாணவர் எழுதிக் கொடுத்தனர். இரண்டு திங்கள் கழித்து நில அளவர் வந்து சங்கிலி பிடித்தார். மூன்று கற்கள் நடப்பட்டன. நான்காவது கல் நட வேண்டிய இடத்தில் ஒரு சுற்றுச்சுவர் நிற்கின்றது. அதைப் பற்றிய மனு இப்போது எழுதப்பட்டு வருகின்றது.